நாலாம் நம்பருக்கு லைன் கிளியர்

அயனாவரத்தில் குடியிருப்பு வாரியம் கட்டிய சி பிளாக்கில், தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடிகளும், மாடிக்குப் பதினெட்டு வீதம் எழுபத்திரண்டு படிகளும், லிப்ட் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் தோண்டிய ஒரு பள்ளமும் இருந்த காலத்தில், கீழே சங்கத்து ஹாலில் மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு சாண் நீளமுள்ள எஞ்சின் இரண்டு பயணிகள் பெட்டியையும் ஒரு திறந்த சரக்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஓடும்; அந்த ரயில் ஒரு நாள் இல்லாத பாதையில் போய், இருக்கிற பாதைக்குத் திரும்பி வந்தது.

எங்கள் வீடுகள் சிறியவை. ஒரு முழு ரயில் பாதையை விரித்துவைக்க எந்த வீட்டிலும் இடம் கிடையாது. அதனால் ஆளுக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொண்டோம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், கால் வைத்து நிறுத்தினால் தரையிலிருந்து தண்டவாளம் வரை மூன்றடி இரண்டங்குலம், முன் விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் நடுவரை ஒன்பதங்குலம். இந்த நான்கு அளவும் சரியாக இருந்தால் பலகையின் மேல் அவரவர் எந்த ஊரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை அட்டை வீடாகும். பாத்திரம் தேய்க்கிற நாருக்குப் பச்சைச் சாயம் போட்டால் மரமாகும். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துச் சலித்தால் செம்மண்ணாகும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவரவர் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, நான் தரையில் போட்டுவைத்திருக்கும் சுண்ணாம்புக் குறிகளின் மேல் நிறுத்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு போல்ட் முடுக்கினால், பத்து வீடுகளில் பத்துக் கட்டில்களுக்கு அடியில் கிடந்த பத்து ஊர்களும் ஒரே வளையமாகிவிடும். ஹாலுக்குள் பத்துதான் அடங்கும். பதினொன்றாவது வைத்தால் கதவு திறக்காது, அளந்து பார்த்திருக்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் கீமேனாக இருந்தவன். தினமும் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, எத்தனை இறுக்கினேன் என்று எழுதிக் கொடுப்பது வேலை. எண்ணுகிற பழக்கம் அங்கே வந்தது. பேசுகிற பழக்கம் வரவில்லை. எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் வளையத்துக்கு விதி எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான்கு விதி எழுதினேன். அளவு பிசகக் கூடாது என்பது முதல் விதி. பலகைக்கு உடையவர் பலகையின் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் இல்லாமல் பலகை வரக் கூடாது என்பது இரண்டாவது. லைன் கிளியர் இல்லாமல் ரயில் நகரக் கூடாது என்பது மூன்றாவது. இதற்காக ஒவ்வொரு பலகையிலும், ஓட்டல் கல்லாவில் தட்டுகிற மாதிரி ஒரு மணி வைத்தோம். ரயிலை அனுப்புகிறவர் ஒரு தட்டு தட்டிக் கேட்பார், வாங்கிக்கொள்கிற ஸ்டேஷன்காரர் இரண்டு தட்டு தட்டிச் சம்மதம் சொல்வார், அதன் பிறகுதான் ரயில். தொடர்ந்து மூன்று இரண்டாவது ஞாயிறு வராதவருடைய இடம் வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போகும் என்பது நான்காவது விதி.

என்னுடைய பலகை ஐந்தாம் நம்பர், ஒரு லெவல் கிராசிங்கும் கேட்காரர் குடிசையும். எனக்கு இந்தப் பக்கம் நாலாம் நம்பர் தேவசகாயம். நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர் என்பதால் பிளாக்கில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நாலாவது மாடியில் குடியிருந்தார். பலகையில் ஒரே ஒரு நடைமேடையும் ஒரு காகிதப்பூச் செடியும் வைத்து, பெயர்ப் பலகையில் ‘அமலோற்பவம் ஹால்ட்’ என்று எழுதியிருந்தார். அமலோற்பவம் அவருடைய மனைவி. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, ஒருத்தரும் ஏறி இறங்காத ஸ்டேஷனுக்கா என் பேரு கெடச்சுது என்று கேட்டதை அவர் மாதம் ஒருமுறை எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் ஜூன் மாதம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வைத்து நான்கு பேர் எழுபத்திரண்டு படி தூக்கிக்கொண்டுபோய் விட்டோம். பலகையை அமலோற்பவம் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, இரண்டு ஸ்டூல் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக நிறுத்திவைத்தார். அவர் அதைப் பார்க்கவில்லை. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த டாக்டர், நரம்பு முழுதாகச் செத்துப்போகவில்லை, ஆனால் இவராக அசைக்க நினைத்தால்தான் உண்டு, நாளாக ஆக அதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாலாம் நம்பர் வராத இடத்தில் நான்கடி நீளத்துக்கு வெறும் தண்டவாளம் அடித்த ஒரு சட்டத்தை வைத்து ஓட்டினோம். மூன்றாம் நம்பரிலிருந்து பொற்கொடி ஒரு தட்டு தட்டுவார். அவர் மூன்றாவது மாடியில் தையல் மெஷின் வைத்திருப்பவர், எங்களில் ரயில்வேக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஆள், பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். அவர் தட்டினால் நாலாம் நம்பரில் பதில் சொல்ல ஆள் இல்லை. ரயில் நின்றுபோகக் கூடாதே என்று, நான் என் ஐந்தாம் நம்பர் மணியில் நாலுக்காக இரண்டு தட்டு தட்டுவேன்.

செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு வந்தவர்கள் பெஞ்சுக்குக் குறைகிறது என்று அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் வைத்திருப்பேன் என்று பொற்கொடி நினைத்தார், பொற்கொடி வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். குறிகளின் மேல் மற்ற ஒன்பது பலகையும் நின்றன, நாலாம் நம்பரில் நான்கடிக்குக் காற்றுதான் நின்றது. பொற்கொடி ஒரு தட்டு தட்டினார். நான் நேரம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். ரயில் மூன்றாம் நம்பரின் விளிம்பு வரை வந்தது, விளிம்பைத் தாண்டியது, கீழே விழவில்லை, எஞ்சினும் இரண்டு பெட்டியும் சரக்குப் பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயின, ஐம்பத்தெட்டு நொடி கழித்து என் பலகையின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு மோர்மிளகாய் குத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் அந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே அமலோற்பவம் இறங்கி வந்தார்.

“யாரு வண்டி விட்டது? பலகை மேல மோர்மிளகா காயவெச்சிருக்கேன். காலண்டர் பக்கமா வந்து எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு ஃபிரிட்ஜ் பக்கமா போயிடுச்சு. ஒரு குரல் குடுத்துட்டு விடக் கூடாதா?”

பொற்கொடி மிளகாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, லைன் கிளியர் குடுத்தாச்சு, அப்புறம் அது எப்படிக்கா போகாம இருக்கும் என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மேலே அந்தப் பலகைக்கு எந்த ஒயரும் கொடுக்கவில்லையே என்று நான் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தேன், பிறகு மேலே ஒரு ஆளை நிறுத்திவைத்து மறுபடி ஓட்டி நேரம் பார்த்தேன். போக இருபத்துநான்கு நொடி, டிரைவர் வீட்டுப் பலகையின் மேல் பத்து நொடி, திரும்ப இருபத்துநான்கு நொடி. ஏழு தடவை ஓட்டினோம், ஏழு தடவையும் அதே ஐம்பத்தெட்டு.

அமலோற்பவம் மிளகாயை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பி, யாரிடம் என்றில்லாமல், வண்டி போனப்ப அவரு தலையத் திருப்பினாரு என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அதன் பிறகு வளையத்தைப் பிரிக்கவில்லை. சங்கத்தில் கூடிப் பேசி, தினமும் நான்கிலிருந்து ஆறு வரை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அதிசயத்தைப் பார்க்க முதல் வாரம் ஏ பிளாக்கிலிருந்தும் பி பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது வாரம் பார்க்க வந்தவர்கள் குறைந்து, அனுப்ப வந்தவர்கள் கூடினார்கள். நாலாவது மாடியில் டிரைவர் வீட்டோடு சேர்த்து ஆறு கதவு. எழுபத்திரண்டு படி ஏற முடியாதவர்கள் எல்லோரும் சரக்குப் பெட்டிக்கு வந்தார்கள். பிரஷர் மாத்திரை இரண்டு, கோயில் விபூதி ஒரு மடிப்பு, தைத்த ரவிக்கைக்கு வைக்க வேண்டிய கொக்கி ஆறு, மறந்துவிட்டுப்போன சாவி, வேளாங்கண்ணியிலிருந்து வந்த மெழுகுவர்த்தித் துண்டு, மோட்டார் போட்டாச்சு தண்ணி பிடிச்சுக்கோ என்று எழுதிய சீட்டு. தொண்ணூறு கிராமுக்கு மேல் ஏற்றினால் எஞ்சின் சக்கரம் வழுக்குகிறது என்று நான் நிறுத்துப் பார்த்துக் கதவில் எழுதி ஒட்டினேன். நாய்க்குட்டியை அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டதற்குப் பொற்கொடி, உன்னை முதல்ல அனுப்பிப் பாக்கலாம் வா என்றார். ஹாலை வளைகாப்புக்குக் கேட்டவர்கள் வளையத்தைக் கலைக்க வேண்டாம் என்று அவர்களே சொல்லி, இரண்டு போல்ட்டைக் கழற்றி வாசல் விட்டு, கர்ப்பிணியை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் ரயில் ஓட வளையல் போட்டார்கள். அன்றைக்கு மேலே போன சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன் அளவுதான் என்றாலும் நாலாவது மாடியில் ஆறு வீட்டுக்கும் பங்கு வைத்ததாக அமலோற்பவம் சொன்னார்.

இருபத்துநான்கு நொடி அது எங்கே போகிறது என்று யாரும் ரொம்பக் கேட்கவில்லை. தண்ணீர் லாரி எங்கே போய்விட்டு வருகிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அமலோற்பவம் தினமும் ஆறு மணிக்கு இறங்கி வந்து ஒரு செய்தி சொல்வார். இன்றைக்குக் கண் வண்டியோடு போய் வண்டியோடு வந்தது. இன்றைக்கு மூன்றரைக்கே சுவரை விட்டுத் திரும்பிவிட்டார். இன்றைக்கு வண்டி தாண்டியதும் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பலகை விளிம்பில் வைத்துக்கொண்டார். நான் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். ஆனால் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலாம் நம்பருக்காக நான் மணி தட்டிக்கொண்டிருந்தேன். ஆள் விழித்திருக்கிறாரா என்றுகூடத் தெரியாத ஸ்டேஷனுக்கு, பக்கத்து ஸ்டேஷன்காரன் லைன் கிளியர் சொல்வது பெரிய குற்றம். நிஜ ரயிலில் இதைச் செய்தவனுக்கு அன்றோடு வேலை போகும்.

கனகசபாபதி ஜனவரியில் வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், அடுத்த தெருவில் வீடு. வரிசையில் அவர்தான் முதல் ஆள். பதினாலு மாதமாகச் செய்த பலகையில் ஆற்றின் மேல் ஏழு கண் பாலம், ஆற்றில் தண்ணீர் மாதிரியே பிசின் ஊற்றி, படித்துறையில் அரை அங்குல உயரத்துக்குத் துணி துவைக்கிற பெண்கள். அளவெடுத்தேன். நான்கு அளவும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை, இதில் ரயில் ஓடி நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“ஐயா, விதி நீங்க எழுதினது. நான் மீறச் சொல்லல. செப்டம்பரோட மூணு ஞாயிறு ஆச்சு. நானும் நாலு மாசம் கேக்காமத்தான் இருந்தேன்.”

கூட்டம் போட்டோம். டிரைவரைத் தவிர ஒன்பது பேர். பாலமும் இருக்கட்டும், ரயில் பாட்டுக்கு மேலேயும் போய்வரட்டும், இத்தனை நாள் போன வண்டிக்கு வழி தெரியாதா என்று பலரும் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் எழுந்து சொல்ல வாய் வரவில்லை. விதிப்படி செய்ய ஆறு கை, வேண்டாம் என்று இரண்டு கை. என் கை மடியிலேயே இருந்தது.

“ஏகாம்பரண்ணே, கை வலிக்குதா?” என்றார் பொற்கொடி.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு கனகசபாபதியின் பாலத்தை நாலாம் நம்பர் குறியில் நிறுத்தி நான்கு போல்ட் முடுக்கினோம். பொற்கொடி தட்டினார், கனகசபாபதிக்கு மணியின் முறை பழக்கமில்லை என்று நான் என் மணியில் பதில் தட்டினேன், ரயில் ஏழு கண்ணையும் தாண்டிப் பத்து நொடியில் என் பலகைக்கு வந்தது. அழகாகத்தான் இருந்தது. கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் பத்து நொடி. மூன்றாவது தடவையும் பத்து நொடி. சரக்குப் பெட்டியில் நாலாவது மாடி மாமிக்குப் போக வேண்டிய கண்சொட்டு மருந்து சுற்றிச் சுற்றி எங்களிடமே வந்துகொண்டிருந்தது. தண்டவாளம் இருக்கிறபோது ரயில் தண்டவாளத்தில்தானே போகும். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணி இருபது நிமிடத்துக்கு அமலோற்பவம் இறங்கி வந்தார். பாலத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“இன்னிக்கு வண்டி ரத்தாண்ணே? மூணு மணியிலேர்ந்து காலண்டர் பக்கமே பாத்துக்கிட்டிருக்காரு. ரத்துன்னா சொல்லிடுங்க, நான் போய்ச் சொல்லிடறேன். சும்மா காத்திருக்க வேண்டாம்.”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஹாலில் இருந்த இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து என் ஐந்தாம் நம்பர் பலகைக்கு அடியில் போய், நான்கு போல்ட்டையும் தளர்த்தினேன். லெவல் கிராசிங், குடிசை, மணி எல்லாவற்றோடும் பலகையைத் தூக்கிக்கொண்டு, தரைத்தளத்தில் இரண்டாவது கதவான என் வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். வந்து, மூன்றாம் நம்பரோடு பாலத்தைச் சேர்த்திருந்த இரண்டு போல்ட்டையும் கழற்றிவிட்டு, அதன் ஒரு முனையைப் பிடித்தேன். கனகசபாபதி என் முகத்தைப் பார்த்துவிட்டு மறு முனையைப் பிடித்தார். நாலாம் நம்பர் குறியிலிருந்து தூக்கி ஐந்தாம் நம்பர் குறியில் நிறுத்தினோம். ஆறாம் நம்பரோடு அது பொருந்தியது. நாலாம் நம்பரில் பழையபடி நான்கடி காற்று.

“அப்போ உங்க இடம்?” என்று கனகசபாபதி கேட்டார்.

நேரம் குறிக்க நின்றால் போதும், அதற்குப் பலகை வேண்டாம் என்றேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். நான் போல்ட்டைக் காட்டி முடுக்கச் சொன்னேன்.

அமலோற்பவம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுபத்திரண்டு படியும் ஏறிப் போனார். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது, சாத்துகிற சத்தம் கேட்கவில்லை.

பொற்கொடி ஒரு தட்டு தட்டினார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். என்னிடம் மணி இல்லை, மணி என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பலகையைத் தூக்கியபோது இதை நான் யோசிக்கவில்லை, தூக்கிய பிறகுதான் தெரிந்தது. கனகசபாபதி தன் மணியை என் பக்கம் நகர்த்தி, இதில் தட்டுங்கள் என்றார். அத்தனை பேரும் கேட்க நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அது அஞ்சாம் நம்பர் மணி. நாலுக்கு நாலுதான் சொல்லணும். இத்தனை நாள் நான் சொன்னது தப்பு.”

பொற்கொடி இன்னொரு முறை, இந்த முறை அழுத்தி, ஒரு தட்டு தட்டினார். அந்தச் சத்தம் ஹாலை விட்டு வெளியே போய் மாடிப்படியோடு ஏறியது. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். முதல் மாடியில் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தச் சொன்னார்கள், அதுவும் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம் நாற்பது நொடி ஆனபோது, படிக்கட்டு வழியாக மேலேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

ஒரு தட்டு என்றால் சம்மதம் இல்லை. பொற்கொடியின் விரல் ரயிலை எடுக்கிற திருகின் மேல் இருந்தது, அவர் திருகவில்லை. அமலோற்பவம் தட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து வந்திருக்கும். இத்தனை மாதம் நான் தட்டியதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர். இது வேறு கை. தட்டிவிட்டு, தூக்கி, மறுபடி எங்கே வைப்பது என்று தேடுகிற கை. கனகசபாபதி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பதாவது நொடியில் இரண்டாவது தட்டு கேட்டது.

பொற்கொடி திருகினார். ரயில் மூன்றாம் நம்பரின் விளிம்பைத் தாண்டி, எஞ்சினும் இரண்டு பெட்டியும் கண்சொட்டு மருந்தோடு சரக்குப் பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஐம்பத்தெட்டு நொடி ஆயிற்று, வரவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று, வரவில்லை. ஒவ்வொரு பலகையிலும் ரயிலை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் உண்டு, டிரைவர் பலகையில் அது நடைமேடைக்கு வலது பக்கத்தில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. லைன் கிளியர் கொடுத்து வாங்கிக்கொண்ட ரயில் அவருடைய ஸ்டேஷனில் நிற்கிறது; அவராக அடுத்த ஸ்டேஷனுக்கு மணி தட்டிக் கேட்கிறவரை அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அமலோற்பவம் நாலாவது மாடிப் படிக்கட்டுச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இப்ப அனுப்ப மாட்டாராம்” என்று மேலேயிருந்து சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “என் பேரு போட்ட ஸ்டேஷன்ல முதல் தடவையா வண்டி நிக்குது. கொஞ்ச நேரம் நிக்கட்டுமாம். கையக் காட்டிச் சொல்றாரு.”

எந்தக் கை என்று பொற்கொடி கீழேயிருந்து கேட்டார். அமலோற்பவம் தன் வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஹாலில் பெஞ்சு போட்டார்கள். யாரோ டீ சொல்லி அனுப்பினார்கள். ரயில்வேயில் காலம் கழித்தவர்கள், ஒரு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தே பழகியவர்கள், பதினோரு நிமிடம் தாமதம், பதினான்கு நிமிடம் தாமதம் என்று நான் சொல்லச் சொல்ல, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் தன் பலகையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு ஹாலில் இடத்தை மட்டும் காலியாக விட்டால் தன் வீட்டுக்கும் வருமா என்று பி பிளாக்கிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். படியேற முடியாதவர் அங்கே யார் இருக்கிறார் என்று பொற்கொடி விசாரித்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதி மட்டும் தன் பாலத்தின் பக்கத்தில், மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேலேயிருந்து ஒரு தட்டு வந்தால் இரண்டு தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை சத்தமில்லாமல் தட்டிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுவரை உட்காரலாமா என்று கேட்டார்.

வண்டி வர வேண்டியிருக்கும்போது ஸ்டேஷன்காரர் உட்காரக் கூடாது என்றேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார்.